கடித்த நண்பர்

அந்தக் குழந்தைகள் காப்பகத்தில் இரண்டு அறை, ஒரு சமையலறை, ஒரு குட்டி முற்றம். சுவர்களும் இருந்திருக்க வேண்டும், ஆனால் பார்த்தவர் எவரும் இல்லை. இடுப்பு உயரம் வரை பிள்ளைகள் கிறுக்கிய படங்கள், அதற்கு மேல் கூரை வரை விதிகள். ஒவ்வொரு விதியும் பிளாஸ்டிக் உறைக்குள் சூடாக ஒட்டப்பட்டுப் பளபளத்தது. கை கழுவும் விதி தொட்டிக்கு மேலே, காலணி விதி வாசலில், மூக்கு துடைக்கும் விதி மூக்குகள் அதிகம் நடமாடும் இடங்களில். விதிகளைக் கிழிக்கக் கூடாது என்றும் ஒரு விதி இருந்தது. அதையும் லேமினேட் செய்திருந்தார்கள்.

எல்லாம் நிர்வாகியம்மாவின் கைவண்ணம். அவருடைய மேஜையில் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் லேமினேஷன் இயந்திரம் இருந்தது. கம்ப்யூட்டர் அணைந்திருக்கும், இது அணையாது. பெற்றோர் அவரை நேரில் மேடம் என்றும், தெருமுனை திரும்பியதும் லேமினேஷன் என்றும் அழைத்தார்கள். பிள்ளைகள் மேல் அவருக்குப் பிரியம் இல்லை என்று சொன்னால் பாவம் வரும். பிரியம் உண்டு, அதற்கும் ஒரு விதி உண்டு. பிள்ளையின் பக்கவாட்டில் நின்று, ஒரு கையால், தோளோடு அணைக்க வேண்டும். படம் போட்டு மாட்டியிருந்தார். படத்தில் இருந்த பெண் பிள்ளையை அணைத்தபடி, பஸ் வருகிறதா என்று பார்ப்பவள் போல வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலையில் விடைபெறவும் முறை இருந்தது. வாசலில் மஞ்சள் கோடு. அங்கே ஒரு அணைப்பு, ஒரு முத்தம், ஒரு கையசைப்பு. இரண்டாவது முத்தம் பிள்ளையைக் குழப்பும் என்பது மேடத்தின் முடிவு. பிள்ளைகள் இதைச் சீக்கிரமே கற்றுக்கொண்டார்கள். பெரியவர்களுக்குத்தான் வரவில்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று மூக்கை உறிஞ்சுகிற அப்பாக்களைப் பிள்ளைகளே அனுதாபத்தோடு பார்த்துவிட்டு உள்ளே போனார்கள்.

உள்ளே யாரையும் குற்றம் சொல்லக் கூடாது. எந்தப் பிள்ளை என்ன செய்தாலும் அதற்கு 'நண்பர்' என்றுதான் பெயர். சாயங்காலம் கூட்டிப்போக வருகிறவர்களிடம், "இன்னிக்கு ஒரு நண்பர் மணல் தின்னார்" என்பார்கள். "ஒரு நண்பர், இன்னொரு நண்பரோட தலைல லாரியைக் கவுத்தார்" என்பார்கள். யார் தின்றது, யார் தலை என்று வீட்டுக்குப் போய் டயப்பரைப் பார்த்தும் தலையைத் தடவியும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

சுண்டு அங்கே போய்க்கொண்டிருந்தாள். மூன்று வயதை எட்டிப் பிடிக்கிற வயது. முன்பல் ஒன்றின் முனை உடைந்திருக்கும். மூன்று சக்கர சைக்கிளைச் சுவரோடு பேச வைத்ததில் வந்த வினை. அவளுடைய அம்மா பஸ் ஓட்டுகிறவள். ஒரு பெண் பஸ் ஓட்டினால் ஏறுகிறவர்களில் பாதிப் பேர் கண்ணாடியில் அவளையும் மீதிப் பேர் கடவுளையும் பார்க்கிற காலம் இன்னும் முடியவில்லை. டெப்போவில் அவளை இன்னும் நிரந்தரம் ஆக்கவில்லை. ஷிப்டுக்கு ஒரு நாள் வராவிட்டால் மேலதிகாரி முகத்தைச் சுருக்குவார். தொடர்ந்து வராவிட்டால் முகத்தைச் சுருக்கக்கூடத் தேவை இருக்காது. அந்தப் பக்கத்தில் இருந்த மற்ற காப்பகங்களில், வயிற்றில் இருக்கும்போதே பெயர் கொடுத்த பிள்ளைகள் நடக்கக் கற்றுக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஆக, சுண்டுவுக்கு அங்கே இடம் இருக்கிற வரைக்கும்தான் அம்மாவின் கையில் ஸ்டியரிங்.

அப்பா ஒரு பெரிய கிடங்கில் பாதுகாப்பு அதிகாரி. எதன் மேல் எது விழும் என்று முன்கூட்டியே கவலைப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவர். காப்பகத்துக்கும் மின்னுகிற மஞ்சள் சட்டையோடுதான் வருவார். மற்ற பெற்றோர் அவரை ஹெல்மெட் என்றார்கள். அவருக்கும் அது தெரியும், அதில் ஒரு பெருமையும் உண்டு. முதல் நாளே சுவரை அண்ணாந்து பார்த்துவிட்டு மனைவியிடம், "இதுதான்டி இடம். சிஸ்டம்னா இப்படி இருக்கணும்" என்றார். கோயிலுக்குள் நுழைந்தவர் குரல் அது.

ஒரே ஒரு விதியில்தான் சுண்டுவின் அம்மாவுக்கு இடித்தது. வீட்டுப் பொருள் எதையும் பிள்ளை உள்ளே கொண்டுவரக் கூடாது. சுண்டுவிடம் ஒரு பழைய தலையணை உறை இருந்தது. ஒரு காலத்தில் நீலம். இப்போது எந்த நிறத்தின் மேலும் அதைப் பழிபோட முடியாது. அதன் மூலையை வாயில் வைத்துச் சப்பினால்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.

"மேடம், மத்தியானம் தூங்க வைக்கிறப்போ மட்டும் குடுங்களேன். பெட்டியில பூட்டிக்கூட வச்சுக்குங்க" என்று அவள் கேட்டாள்.

"ஒரு நண்பருக்குக் குடுத்தா எல்லா நண்பரும் கேப்பாங்கம்மா. அப்புறம் இங்க கட்டிலுக்குக் கட்டில் துணிக்கடை."

அவள் புருஷனைப் பார்த்தாள். ஹெல்மெட் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார், மேடத்தின் பக்கமாக. "கரெக்ட்டுதானே? கிருமி இருக்கு, கழுத்துல சுத்திக்கிற ரிஸ்க் இருக்கு. ரெண்டு நாள் அழுவா, அப்புறம் செட் ஆயிடுவா."

சுண்டு சில நாள் அழுதாள், பிறகு நிறுத்திவிட்டாள். "பாத்தியா, செட் ஆயிட்டா" என்றார் அவர்.

அதற்கடுத்த வாரம் முதல் கடி வந்தது. சுண்டுவின் இடது முன்னங்கையில், சிவந்த வளையமாக.

"இன்னிக்குத் தூங்கற நேரத்துல ஒரு நண்பர் கடிச்சிட்டார்" என்றாள் தூக்க அக்கா. பிள்ளைகளைத் தூங்க வைப்பது அவள் வேலை. பாதி நாள் அவளும் கூடவே தூங்கிவிடுவாள் என்று பேச்சு. "ஐஸ் வச்சோம். ரெண்டு நண்பரையும் அணைச்சாச்சு."

"யார் கடிச்சது?"

"நண்பர்."

"எந்த நண்பர்ங்க?"

"அத சொல்லக் கூடாதுங்க. ரூல்." அவள் உண்மையில் பார்க்கவும் இல்லை. கடி என்று ஒன்று இருந்தால் கடித்தவர் ஒருவர் இருந்தே தீர வேண்டும், கடித்தவர் எவராயினும் அவர் நண்பர். காப்பகத்தின் கணக்கு அதோடு முடிந்தது.

ஹெல்மெட்டின் கணக்கு அங்கேதான் தொடங்கியது. பக்கத்துக் கட்டிலில் ஒரு பையன் படுப்பான். ஆள் குண்டு, நடந்தால் எதிரில் இருப்பது நகர்ந்துவிடும். புல்டோசர் என்று பெயர். முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் பெண்ணின் மகன். யாரும் விசாரிக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இரண்டாவது கடி வந்த அன்று, காலணி மாட்டும் பெஞ்சில் புல்டோசரின் அம்மா வந்து உட்கார்ந்ததும் மற்ற அம்மாக்களுக்கு நிற்க வேண்டும் போலத் தோன்றியது.

"என் பையன் சாப்பாட்டையே மெல்ல மாட்டான்ங்க, முழுங்கிடுவான்" என்றாள் அவள் பொதுவாக, சுவரைப் பார்த்து. சுவரில் இருந்தது மூக்கு விதி.

பெற்றோர் கூட்டத்தை ஹெல்மெட் கூட்ட வைத்தார். பிள்ளைகளின் நாற்காலிகளில் பெரியவர்கள் முழங்கால் மோவாயைத் தொட உட்கார்ந்திருந்தார்கள். அந்த நிலையில் யாருக்கும் கௌரவமாகக் கோபப்பட முடியாது என்பதால் மேடத்துக்கு அந்த நாற்காலிகள் பிடிக்கும். ஹெல்மெட் மட்டும் நின்றுகொண்டார்.

"எங்க கிடங்குல ஒரு ஃபோர்க்லிஃப்ட் ஒருத்தரை இடிச்சா, அது நல்ல ஃபோர்க்லிஃப்ட்டா, வீட்ல கஷ்டமான்னு பாக்க மாட்டோம். வெளிய எடுத்துடுவோம்" என்று ஆரம்பித்தார். "அதேதான் இங்கயும். இனிமே கடிக்கிற பிள்ளை, அடுத்த நாள்ல இருந்து இங்க கிடையாது. காரணம் கேக்கக் கூடாது. விதிவிலக்கு கூடாது. இப்ப காரணம் கேட்டா அப்புறம் எல்லாருக்கும் ஒரு காரணம் இருக்கும்."

"சின்னப் பிள்ளைங்க" என்றார் ஓர் அப்பா, நாற்காலியிலிருந்து எழ முடியாமல்.

"சின்னப் பல்லும் பல்லுதான் சார்."

கைத்தட்டல் எழுந்தது. ஹெல்மெட்டுக்கு முகம் மலர்ந்தது. இன்னும் ஒன்று சேர்த்தார். தூங்கும் நேரத்தில் அக்கா கட்டில்களைப் பார்த்தபடி உட்கார வேண்டும், கண்ணை எடுக்கக் கூடாது. மேடம் உள்ளே போய் இயந்திரத்தைச் சூடாக்கிவிட்டு வந்தார். கை தூக்கச் சொன்னார்கள். புல்டோசரின் அம்மாவைத் தவிர எல்லாக் கைகளும் மேலே போயின. சுண்டுவின் அம்மா கையும் போனது, கொஞ்சம் தாமதமாக. மகளின் கையில் இருந்த சிவப்பை அவளும்தான் பார்த்திருந்தாள். மறுநாள் காலை விதி வாசலில் தொங்கியது. தொட்டால் இன்னும் வெதுவெதுப்பாக இருந்திருக்கும்.

அந்தச் சனிக்கிழமை தலையணை உறை துவைப்பதற்குப் போயிருந்தது. மத்தியானம் சுண்டுவைக் குளிப்பாட்டிப் படுக்க வைத்த அம்மா, தேங்காய் எண்ணெய் எடுக்கத் திரும்பினாள். மறுபடி பார்த்தபோது சுண்டு கண்ணை மூடிக்கொண்டு தன்னுடைய இடது கையை வாய்க்குக் கொண்டுபோயிருந்தாள். முதலில் சப்பினாள். தூக்கம் கண்ணைச் சுழற்றச் சுழற்றப் பல் இறுகியது. வலித்திருக்க வேண்டும். முகத்தில் வலி எதுவும் இல்லை, நிம்மதிதான் இருந்தது.

அம்மா மெதுவாகக் கையை விடுவித்துப் பார்த்தாள். சிவந்த வளையத்தில் ஓர் இடத்தில் மட்டும் அச்சு விழவில்லை. உடைந்த பல்லின் இடம். பழைய தழும்பையும் பார்த்தாள். அங்கேயும் அதே இடம் வெறுமையாக இருந்தது.

"ஏங்க. இங்க வாங்க."

அவர் வந்தார். பார்த்தார். கிடங்கில் எதுவும் விழுவதற்கு முன்னால் கவலைப்படுகிறவர், விழுந்த பிறகு என்ன செய்வது என்று பழக்கம் இல்லாததால் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"இவளா?"

"நம்ம நண்பர்தான்" என்றாள் அவள். சிரிக்கவில்லை.

"சரி, சரி. பதறாத. இது வேற. இது தன்னைத்தானே கடிச்சது. இதெல்லாம் அந்த ரூல்ல வராது."

"வராதுன்னு யாருங்க சொல்வா? காரணம் கேக்கக் கூடாதுன்னு நின்னு கையைத் தட்ட வச்சீங்களே."

"மேடத்துகிட்ட போய்ப் பேசிடவா?"

"பேசினா தெரிஞ்சுடும்."

"பேசாட்டி?"

"அப்பவும் தெரிஞ்சுடும். அக்காவைக் கண்ணை எடுக்காம உக்காரச் சொன்னதும் நீங்கதான்."

இருவரும் தூங்குகிற பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளிடம் எப்படிச் சொல்வது? கடிக்காதே என்றால் அவளுக்குப் புரியும். விழித்திருக்கும்போது அவள் ஓர் எறும்பைக்கூட ஊதித்தான் அனுப்புவாள். தூங்கப் போகிறவளிடம் எந்த விதியைச் சொல்லி அனுப்புவது?

செய்யக்கூடியதை எல்லாம் செய்தார்கள். திங்கட்கிழமை முழுக்கைச் சட்டை போட்டு அனுப்பினாள் அம்மா. கை கழுவும் விதிப்படி சட்டைக் கை மடித்துவிடப்பட்டு, அப்படியே மடித்தபடி தூங்கி, சாயங்காலம் சுண்டு திரும்பினாள். அன்று கையில் கடி இல்லை, எச்சில்தான். செவ்வாய்க்கிழமை தலையணை உறையின் மூலையைக் கைக்குட்டை அளவுக்கு வெட்டிச் சட்டைப் பையில் வைத்து அனுப்பினாள். வெட்டும்போது சுண்டு பக்கத்தில் நின்று, யாருக்கோ ஆபரேஷன் நடப்பதுபோலப் பார்த்தாள். சாயங்காலம் அந்தத் துண்டு ஒரு ஜிப் பைக்குள் அடைபட்டுத் திரும்பி வந்தது.

"வீட்டுப் பொருள் இருந்ததுங்க பாக்கெட்ல" என்றாள் தூக்க அக்கா, கொஞ்சம் தாழ்ந்த குரலில். "நாம அப்படிச் செய்யறதில்லையே."

"அக்கா, நீங்களும் பிள்ளை பெத்தவங்கதானே. கொஞ்சம் கண்டுக்காம விடக் கூடாதா?"

"முந்தி மாதிரி இருந்தா விடுவேன்மா. இப்போ கதவுல கண்ணாடி வச்சு மேடம் என்னைப் பாத்துக்கிட்டு இருக்காங்க. நான் கண்ணை எடுக்கறேனான்னு." அவள் சட்டென்று நிறுத்தி, சுண்டுவின் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். என்னவோ புரிந்தது. புரிந்ததை வைத்துக்கொள்ள இடமில்லாமல், "நாளைக்கு லீவு போட்டுடுங்களேன்" என்றாள்.

லீவு போட்டால் டெப்போவில் பதில் சொல்ல வேண்டும். நாளைக்குப் போட்டால் நாளை மறுநாளும் மத்தியானம் வரும். பிள்ளைகள் உள்ள இடத்தில் மத்தியானம் தினமும் வருகிறது.

புதன்கிழமை அவள் பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருக்கும்போது போன் அதிர்ந்தது. எடுக்கக் கூடாது, அது அவளுடைய வேலையின் விதி. சிக்னலில் நின்றாள், நிறுத்தத்தில் நின்றாள், ஒருவர் நீட்டிய நோட்டுக்குச் சில்லறை இல்லை என்று கண்டக்டரோடு சண்டை போட்டார், அதற்கும் நின்றாள். போன் அதிர்ந்துகொண்டே இருந்துவிட்டு ஓய்ந்தது. யார் என்று பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது. கடைசி நிறுத்தம் வரை சரியாக ஓட்டினாள். ஒருவரும் குலுங்கவில்லை.

காப்பகத்துக்கு ஹெல்மெட் போயிருந்தார். பிள்ளைகளுக்கான நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். இந்த முறை உட்கார்ந்தார்.

"நண்பர் கடிச்சது உறுதியாயிடுச்சு சார்" என்றார் மேடம். "அக்கா பாத்துட்டாங்க. நானும் பாத்தேன்."

"மேடம், அவ தன் கையைத்தானே கடிச்சிக்கிட்டா. யாருக்கு என்ன சேதம்?"

"கடிபட்ட நண்பருக்குச் சேதம் சார். ஐஸ் வச்சிருக்கோம்."

"அந்த நண்பரும் இவதானே."

"அதனால அவங்களுக்கு வலிக்காதுன்னு சொல்ல வர்றீங்களா?"

அவர் அண்ணாந்து சுவரைப் பார்த்தார். சுவரில் இருந்த பக்கவாட்டு அணைப்புப் பெண் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காரணத்தைக் கேளுங்க மேடம். அவ தலையணை உறை இல்லாம தூங்க மாட்டா. அதைக் குடுத்தா கடிக்க மாட்டா. ரொம்பச் சின்ன விஷயம்."

"காரணம் கேக்கக் கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்க. அன்னிக்கு எனக்கே உடம்பு சிலிர்த்துப் போச்சு சார்." மேடத்தின் குரலில் கேலி இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. "இத்தனை வருஷமா இந்த இடத்தை நடத்தறேன். உங்களை மாதிரி சிஸ்டம் புரிஞ்ச ஒரு பேரண்ட் கிடைக்கல. இப்ப உங்க பொண்ணுக்குன்னு மாத்தினா, நாளைக்கு உங்க முகத்துலயே நான் எப்படி முழிப்பேன்?"

"அப்ப அடுத்த கூட்டத்துல நானே மாத்தச் சொல்லிப் பேசறேன்."

"தாராளமா. ஆனா கூட்டத்துல பேரண்ட்ஸ்தான் பேச முடியும்." கொஞ்சம் தயங்கினார். "நாளைலேர்ந்து நீங்க..." முடிக்காமல் விட்டது அவருடைய நாகரிகம்.

வாசலில் புல்டோசரின் அம்மா மகனுக்குக் காலணி மாட்டிக்கொண்டிருந்தாள். செய்தி அவளுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. அந்தக் கட்டடத்தில் லேமினேட் செய்யாத ஒரே பொருள் செய்திதான்.

"நீங்க கூட்டத்துல சொன்னா கேப்பாங்களா?" என்றார் அவர், மஞ்சள் சட்டையின் முனையைக் கசக்கிக்கொண்டு.

"நான் கை தூக்கறேன் சார். அன்னிக்கும் ஒத்தக் கை, அது கீழ இருந்துச்சு. இந்தத் தடவை ஒத்தக் கை மேல இருக்கும். அவ்ளோதான் வித்தியாசம்." அவள் குரலில் வெற்றி எதுவும் இல்லை. சுண்டுவின் நெற்றியில் விழுந்த முடியை விரலால் ஒதுக்கினாள். "இவளைக் கடைக்குக் கூட்டிட்டு வாங்க. கண்ணை மறைக்குது."

புல்டோசர் சுண்டுவைப் பார்த்து, அணைப்பு விதிக்கு நேர்மாறாக, முன்பக்கமாக, இரண்டு கையாலும் கட்டிக்கொண்டான். சுண்டு கால் இடறிப் பெஞ்சில் சாய்ந்தாள். யாரும் அதை எழுதிக்கொள்ளவில்லை.

அம்மா டெப்போவில் கேட்டுப் பார்த்தாள். ஷிப்டை மாற்ற முடியுமா என்று கேட்டாள், சில வாரம் பொறுக்க முடியுமா என்று கேட்டாள். மேலதிகாரி நல்ல மனிதர். "உங்க நிலைமை எனக்குப் புரியுதும்மா, ஆனா ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்க" என்றார். அந்த வாக்கியத்தை அவள் ஏற்கெனவே கேட்டிருந்தாள். சீருடையைத் துவைத்து, மடித்து, சட்டையின் மேல் தொப்பியை வைத்துக் கொடுத்துவிட்டு, பஸ்ஸில் பயணியாக வீட்டுக்கு வந்தாள். ஓட்டியவன் பிரேக்கைத் தாமதமாகப் பிடித்தான். அவளுடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தியது.

வீட்டில் சுண்டு கடிப்பதில்லை. தலையணை உறை, ஒரு மூலை குறைவாக, அவளோடு இருந்தது. மீதி மூன்று மூலை போதுமாக இருந்தது. மத்தியானம் படுத்தால் உடனே தூங்கினாள். அவள் கையில் இருந்த சிவப்பு மஞ்சளாகி மறைந்துவிட்டது. இப்போது யாரிடமாவது கொண்டுபோய்க் காட்டினால் அங்கே ஒன்றுமே இல்லை என்பார்கள்.

திங்கட்கிழமை காலை ஹெல்மெட் மின்னுகிற சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். சுண்டு பையை முதுகில் போட்டு, காலணியை இடம் மாற்றி மாட்டிக்கொண்டு, கதவருகே தயாராக நின்றாள்.

"நீ போகலம்மா. அம்மா கூட இரு" என்றார்.

அவள் யோசித்தாள். பிறகு, யாரோ ஒருவர் போகிறார், யாரோ ஒருவர் இருக்கிறார், ஆள் மாறினால் என்ன என்று அவளாகவே தீர்த்துக்கொண்டது போல, வாசற்படியைக் கோடாக வைத்து அதற்கு உள்ளே நின்றாள். அப்பாவை ஒருமுறை கட்டிக்கொண்டாள். ஒரு முத்தம் கொடுத்தாள். ஒருமுறை கையசைத்தாள்.

அவர் படியில் இறங்கியவர் திரும்பி வந்து, குனிந்து, இன்னொரு முறை கன்னத்தைக் காட்டினார்.

"ஒண்ணுதாம்ப்பா" என்றாள் சுண்டு.

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் அடுப்படிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் குனிந்தபடியே நின்றார். சுண்டு பொறுமையாகக் காத்திருந்தாள். பிறகு, பெரியவர்களுக்கு இது வராது என்று தெரிந்த அனுதாபத்தோடு, கதவை மெல்லச் சாத்தினாள்.